அக்கா அடிக்க மறுத்த சொல்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அங்கே மூத்த தட்டச்சாளரான அக்கா என் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கடிதத்தை உருவி எடுத்துவிட்டார். பாதிதான் அடித்திருந்தேன். தாள் சர்ரென்று கிழிந்தது. என்ன பிழை விட்டேனோ, இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

அவர் என்னைவிடப் பயந்துபோயிருந்தார். மேலுதட்டில் வேர்வை அரும்பி நின்றது.

"உந்தச் சொல்லை இந்தக் கந்தோரில அடிக்கிறேல்லை, பிள்ளை."

"எந்தச் சொல் அக்கா?"

அவர் வாயால் சொல்லவில்லை. தாளை மேசையில் விரித்து நகத்தால் தொட்டுக் காட்டினார். 'டிசாஸ்டர்' என்று இருந்தது, பேரழிவுக்கு ஆங்கிலச் சொல். எங்கோ ஒரு கப்பலில் சரக்கு நனைந்துபோனதைப் பற்றிய கடிதம் அது. மனேஜர் தன் கையால் எழுதித் தந்ததைத்தான் நான் பார்த்து அடித்துக்கொண்டிருந்தேன்.

"மனேஜர்தானே எழுதினவர்?"

"அவர் எழுதுவார். நாங்கள் 'மிஸ்ஹாப்' எண்டு, சின்ன விபத்து மாதிரி, மாத்தி அடிப்பம். அவர் வாசியாமல் கையெழுத்து வைப்பார். இதுதான் இஞ்சத்தை வழக்கம்."

கிழிந்த தாளை நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குப்பைக்கூடைக்குள்கூட அந்தச் சொல்லைப் போட அவருக்கு மனமில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய் இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம். தேயிலை ஏற்றவும் கோதுமை மா மூட்டை இறக்கவும் வருகிற கப்பல்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிற சின்னக் கந்தோர் எங்களுடையது. யன்னலைத் திறந்தால் இறங்குதுறையும் கட்டிக்கிடக்கும் லோஞ்சுப் படகுகளும் தெரியும். நான் சாம்பல்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், கந்தோர் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். பஸ்ஸில் ஏறும்போதும் பயம், இறங்கும்போதும் பயம். ஆனால் அக்காவின் பயத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்து உயர்ந்த உருவம். லிங்கநகரில் தமையன் குடும்பத்தோடு இருந்தார். தெருவில் போனால் மதிலை ஒட்டித்தான் நடப்பார். கந்தோரில் எல்லோருக்கும், வயதில் மூத்த மனேஜருக்குக்கூட, அவர் அக்காதான். கப்பல் கப்டன்மார் படியேறினால் மனேஜர் இருமிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விடுவார். அக்காதான் எழுந்து நின்று கதைப்பார். அந்த ஆங்கிலத்தைக் கேட்டுக் கப்டன்மார் தொப்பியைக் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆங்கிலம் ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. கடற்படைக்காரர் போகும்போது பங்களாக்களில் இருந்த சாமான்களை ஏலம் போட்டார்களாம். சனம் கதிரை, கட்டில், அலுமாரி என்று வண்டிலில் ஏற்றிக்கொண்டு போக, அக்கா ஒரு அகராதியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார். தலையணை அளவு தடிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு, அது எங்கே பிறந்தது, எந்தெந்தப் பாசை வழியாக வந்தது, முந்தி என்ன பொருளில் கிடந்தது என்பதெல்லாம் அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் அகராதியில் பொருள் பார்ப்போம். அக்கா பிறப்பைப் பார்ப்பார்.

"சொல்லுக்கும் சாதகம் இருக்கு, பிள்ளை. எங்க பிறந்தது எண்டு பாத்தால்தான் அது என்ன செய்யும் எண்டு தெரியும்."

அவர் தேடிப் பிடித்ததெல்லாம் நட்சத்திரத்தில் பிறந்த சொற்கள். 'கொன்சிடர்' என்ற சொல் எங்கள் கடிதங்களில் நாளுக்குப் பத்துத் தரமாவது வரும். தங்கள் வேண்டுகோளைப் பரிசீலிப்போம் என்று எழுதாத கந்தோர் உண்டா? அந்தச் சொல் வந்தவுடன் அக்காவின் விரல்கள் நின்றுவிடும். யன்னல் வழியாக ஆகாயத்தை ஒருதரம் பார்ப்பார். பிறகுதான் அடிப்பார்.

"பகலில என்னக்கா பாக்கிறியள்?"

"நட்சத்திரங்களைப் பாத்து யோசிக்கிறதுக்கு லத்தீன்காரன் வைச்ச சொல் இது. பாக்காமல் அடிச்சால் பொய்."

"பகலில நட்சத்திரம் தெரியாதே."

"எங்களுக்கு அதுகளைத் தெரியாது. அதுகளுக்கு எங்களைத் தெரியும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று பின்னேரம் பஸ்ஸில் நான் யன்னல் பக்கத்து இருக்கையில் இருக்கவில்லை.

'டிசயர்' என்று மனேஜர் எழுதியிருந்தால் 'விஷ்' என்று மாற்றுவார். ஆசைப்படுவது என்றால் நட்சத்திரம் என்ன தரும் என்று காத்துக்கொண்டிருப்பதாம். "தருமோ தராதோ எண்டு தெரியாத இடத்தில கை நீட்டக்கூடாது" என்பார். ஒரு மழைக்காலம் ஊரெல்லாம் காய்ச்சல் பரவி நானும் எட்டு நாள் படுத்துவிட்டுப் போனபோது, கந்தோர் யன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. கிளார்க்மார் வேர்த்து வழிய இருந்தார்கள். "இன்புளுவென்சா எண்டால் சும்மா காய்ச்சல் இல்லை" என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். "நட்சத்திரத்திலயிருந்து ஒழுகி வாறது எண்டு இத்தாலிக்காரன் கண்டுபிடிச்சு வைச்ச பேர்." அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் தலைக்கு மேல் கூரை இல்லாத இடத்தில் நிற்கவில்லை. படித்த பெண் இப்படிப் பயப்படலாமா என்று என்னையே ஏசிக்கொண்டு ஓடி ஓடி வீட்டுக்குள் போனேன்.

எப்போதும் அப்படி என்றும் இல்லை. மனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் நாளில் என் பக்கம் குனிந்து, "சற்றேர்ணைன்" என்பார். "சனியன் பிடிச்ச ஆள் எண்டு நாங்கள் சொல்லுறதைத்தான் அவையும் சொல்லுகினம்." எங்கள் லோஞ்சை ஓட்டுகிற காசிம் நானா கிண்ணியாக்காரர். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடியே படியேறுவார். "நானா ஜோவியல். வியாழன் பார்வை உள்ள ஆள்" என்று அக்கா சொன்னால், "என்ன புள்ள, என்னை இங்கிலீசில ஏசுறாவா?" என்று நானா என்னிடம் கேட்பார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவரோடு இருக்கலாம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"எல்லாச் சொல்லையும் ஏதோ சமாளிக்கிறியள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் அக்கா இவ்வளவு பயம்?"

அவர் சோற்றுப் பொட்டலத்தை மூடினார்.

"நான் மூலம், பிள்ளை."

எனக்கு விளங்கிவிட்டது. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையின் தகப்பன் இருக்கமாட்டார் என்று நம்பினார்கள்.

"மூண்டு இடத்திலயிருந்து வந்து சாதகத்தைப் பாத்திட்டுத் திரும்பிப் போனவை. நாலாவதா வந்த இடத்தில மாப்பிள்ளையின்ர தகப்பன், 'உதெல்லாம் பழைய கதை, எனக்குப் பயமில்லை' எண்டு சொல்லி நாளும் வைச்சிட்டுப் போனவர். ஒரு கிழமைகூடத் திரும்பேல்லை. மனிசன் இல்லை."

"வயது போனவரா இருந்திருப்பார் அக்கா."

"ஓம். எழுபத்திரண்டு. நெஞ்சு வருத்தமும் இருந்தது." அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "சாத்திரியார் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டன். படிச்சனான்தானே. பிறகு உந்த டிக்சனரியில பாத்தன். 'டிஸ்' எண்டால் கெட்டது. 'அஸ்ற்றோ' எண்டால் நட்சத்திரம். கெட்ட நட்சத்திரம். அப்பிடித்தான் அந்தச் சொல் பிறந்திருக்கு. கடலுக்கு அங்கால இருக்கிறவன், என்னையும் தெரியாது, எங்கட சாத்திரியாரையும் தெரியாது, அவனும் இதையே எழுதி வைச்சிருக்கிறான். ரெண்டு பேரும் பொய் சொல்லுவினமோ?"

நானும் என் பொட்டலத்தை மூடினேன்.

"அது என்ர பேர், பிள்ளை. என்ர பேரை நானே அடிச்சு அனுப்பினால், போய்ச் சேருற இடத்தில என்ன நடக்கும்?"

இதை நான் எனக்குள் வைத்திருந்திருக்க வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு அந்தப் பயத்தைத் தனியே சுமக்க ஏலாமல், சிரித்துச் சொன்னால் போய்விடும் என்று நினைத்து, தேத்தண்ணி நேரத்தில் கிளார்க்மாரிடம் பகிடியாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதை உள்ளறைக்குப் போவதற்கு அதிக நாள் எடுக்கவில்லை.

அந்த மார்கழியில் என் தம்பியும் எங்கள் கந்தோரில்தான் இருந்தான். கப்பலுக்குப் போய் மூட்டை எண்ணி எழுதும் வேலை. சேர்ந்து மூன்று மாதம். அன்று காலை காசிம் நானாவின் லோஞ்சில் அவனும் வேறு மூன்று பேரும் கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குப் போனார்கள். வானம் வெளித்துக் கிடந்தது. காற்று மட்டும் ஒரு மாதிரி விட்டு விட்டு அடித்தது.

பத்து மணிபோல மனேஜர் வெளியே வந்தார். வழக்கமாக அக்காவை உள்ளே கூப்பிட்டுத்தான் கடிதம் சொல்லுவார். அன்று எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினார். மூன்றாவது வரியில் அந்தச் சொல் வந்தது. அக்காவின் விரல்கள் நின்றன.

"'மிஸ்ஹாப்' எண்டு போடட்டோ, சேர்?"

"நான் சொன்ன சொல்லைப் போடுங்கோ. இது இன்சூரன்ஸ் கடிதம். சாத்திரம் பாக்கிற இடமில்லை."

கிளார்க்மார் குனிந்துகொண்டார்கள். ஒருவருடைய தோள் குலுங்கியது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பாற்று என்று கேட்பதுபோல் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்தேன்.

"அடியுங்கோ அக்கா. ஒண்டும் வெடிக்காது" என்றார் மனேஜர்.

அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக. எட்டு எழுத்து. எட்டுத் தட்டும் எனக்குக் கேட்டன.

பன்னிரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. ஒரு மணிக்கு யன்னல்களை இழுத்து மரச் சட்டம் போட்டோம். இரண்டு மணிக்குத் துறைமுகம் தெரியவில்லை. பட்டப்பகலில் விளக்குத் தேடினோம். அடுத்த கட்டிடத்துத் தகரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தெருவில் இழுபட்டுக்கொண்டு போயின. ரெலிபோன் செத்துவிட்டது. துறைமுகக் காரியாலயத்து ஆள் ஒருவர் தொப்பலாக நனைந்தபடி வந்து கதவைத் தட்டினார். கப்பலிலிருந்து சைகை வந்ததாம். எங்கள் லோஞ்ச் பன்னிரண்டரைக்கே கப்பலை விட்டுப் புறப்பட்டுவிட்டது. கரைக்கு வரவில்லை. ஒருவரும் காணவும் இல்லை.

சட்டத்தின் இடைவெளியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் கடல் ஆட்கள். அப்பா உயிரோடு இருந்தபோது சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. லோஞ்ச் பக்கவாட்டில் அலை எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

பின்னால் அக்கா நின்றார்.

"நான்தான், பிள்ளை" என்றார். "விரலைத் தறிச்சுக்கொண்டெண்டாலும் மாட்டன் எண்டிருக்கோணும். அடிச்சிட்டன். நான்தான்."

இல்லை அக்கா, இது காற்று, இது மார்கழிக் கடல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படித்தவள். அவருடைய பயத்தைப் பகிடி பண்ணியவள். அவரை அந்தச் சொல்லை அடிக்கவைத்ததே என் வாய்தான். அவ்வளவும் தெரிந்திருந்தும், திரும்பி அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஓம். நீங்கள்தான். என்ர தம்பியைத் தாங்கோ."

அவர் அழவில்லை. தலையை ஆட்டினார், சரியான விடையைக் கேட்ட ஆள்போல. பிறகு கதவைத் திறந்துகொண்டு அந்த மழைக்குள் இறங்கிப் போனார். குடை எடுக்கவில்லை. ஒருவரும் மறிக்கவில்லை. நானும் மறிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிண்ணியாப் பக்கமிருந்து ஒரு ஆள் செய்தி கொண்டுவந்தார். லோஞ்சை அலை தூக்கிக்கொண்டு போய் மூதூர்க் கரையில் கண்டல் காட்டுக்குள் செருகிவிட்டதாம். ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். காசிம் நானாவுக்குக் கை முறிந்திருக்கிறது. பின்னேரம் தம்பி வந்தான். மூதூரில் ஒரு வீட்டுக்காரர் கொடுத்த சாரத்தைக் கட்டியிருந்தான். அவர்கள் ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு தந்ததைத்தான் முதலில் சொன்னான். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றாக அழுது முடிந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் நினைவு வந்தது. கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு லிங்கநகருக்குப் போனேன். அக்கா அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். தம்பி கதவுக்கு முன்னால் நின்று, "அக்கா, நான் வந்திட்டன். பாருங்கோ, ஒரு கீறல்கூட இல்லை" என்றான். கதவு ஒரு சாண் திறந்தது. அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையை நீட்டி அவன் சட்டையின் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"நீ சொன்னதில என்ன பிழை? நான் நினைச்சதைத்தானே நீ சொன்னனீ."

கதவு மூடிக்கொண்டது. அவர் பிறகு வேலைக்கு வரவில்லை. அவருடைய கதிரையில் என்னை இருக்கச் சொன்னார்கள். ஐந்து வருடம் இருந்தேன். அந்த ஐந்து வருடமும் 'மிஸ்ஹாப்' என்றுதான் அடித்தேன்.

தம்பி மட்டும் மாதத்தில் ஒருதரமாவது லிங்கநகருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவான். அவனைக் கண்டால் அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாராம். நான் போகவில்லை. வெட்கமா, பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

எனக்குக் குச்சவெளியில் கல்யாணம் நடந்தது. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. மாமியார் நல்ல மனுசி. ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் கோழிக்கு அடைகூட வைக்கமாட்டார். மாமா சுருட்டுப் பிடித்துக்கொண்டு இருமுகிற மனிதர். பிள்ளைப்பேற்றுக்காக அம்மாவிடம் சாம்பல்தீவுக்கு வந்திருந்தேன். குறித்த நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஒரு புதன்கிழமை, விடியவே தொடங்கிய அடைமழைக்குள், ஒன்பதரை மணிக்கு மகள் பிறந்துவிட்டாள். மருத்துவிச்சி வந்து அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. எங்கள் வீடு ஒழுங்கையின் கடைசி. அந்த மழையில் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. தம்பி வேலைக்குப் போகும் வழியில் லிங்கநகரில் இறங்கி அக்காவுக்குச் சொல்லியிருக்கிறான்.

பின்னேரம் மூன்று மணிபோல வாசலில் ஒரு உருவம். சேலைத் தலைப்பால் எதையோ மூடி நெஞ்சோடு பிடித்தபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கா நின்றார். தலை பாதி நரைத்திருந்தது.

அம்மா என் பக்கம் வந்து குரலை அடக்கிக்கொண்டு, "இவ ஏன் இப்ப? பிள்ளை பிறந்து ஆறு மணித்தியாலம்கூட ஆகேல்லை. உள்ளுக்கு விடாதை" என்றார். பொய் சொல்லமாட்டேன். நானும் பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அன்றைக்குக் கந்தோரில் வாயிலிருந்து வந்த அதே பயம் திரும்பவும் வந்துவிட்டது. பிறகு பிடியைத் தளர்த்தினேன்.

"வாங்கோ அக்கா. உள்ளுக்கு வாங்கோ."

அவர் இருக்கவில்லை. "எத்தினை மணிக்கு?" என்றுதான் கேட்டார்.

"ஒன்பதரை."

தலைப்பை விலக்கிப் பஞ்சாங்கத்தை எடுத்தார். விரலை வைத்துப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பார்த்திருப்பார் என்று முகம் சொன்னது.

"மூலம், பிள்ளை."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு மாமாவின் இருமல் காதில் கேட்டது; அவருக்கு ஏதாவது என்றால் பழி பிள்ளையின் தலையில்தான். மாமியார் விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது. இருபது வருடம் கழித்து ஒரு கந்தோரில், மதிலை ஒட்டி நடந்து வேலைக்கு வருகிற ஒரு பெண்ணைக் கண்டேன். பக்கத்தில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது.

"ஆருக்குத் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"அம்மாவுக்கு, தம்பிக்கு, மருத்துவிச்சிக்கு."

"மருத்துவிச்சியிட்டப் போட்டுத்தான் வாறன். அவ வாய் திறக்கமாட்டா. குச்சவெளிக்கு ஆள் போயிட்டுதோ?"

"இல்லை. மழை விடட்டும் எண்டு..."

"போகவேண்டாம். இண்டைக்குப் பொழுதுபட மூலம் முடியுது. நாளைக்குப் பூராடம். அதுக்கும் தாலி தங்காது எண்டு ஒரு கதை வைச்சிருக்கினம். வெள்ளி விடிய உத்தராடம் நிக்கும். பிள்ளை வெள்ளிக்கிழமை விடியத்தான் பிறக்குது. விளங்குதோ?"

"நாள் நட்சத்திரத்தோட விளையாடுறதோ? இது பாவமில்லையோ?" என்றார் அம்மா.

"ஓம், பாவம்தான்" என்றார் அக்கா. "உரல் எங்க கிடக்கு?"

உரல் எதற்கு என்பது பிள்ளை முதல்தரம் வீரிட்டபோது விளங்கியது. மகளுக்கு அப்படியொரு தொண்டை. அக்கா ஓடிப்போய் உலக்கையைத் தூக்கி மா இடிக்கத் தொடங்கினார். நான் பால் கொடுத்து அடக்கும்வரை இடித்தார். அப்படியே இரண்டு நாள். பிள்ளை அழுதால் உலக்கை. உலக்கை ஓய்ந்தால் பிள்ளை உறங்குகிறாள் என்று பொருள். வீட்டில் இருந்த அரிசி முழுக்க மாவாகிவிட்டது. பிறகு வெறும் உமியைப் போட்டு இடித்தார். அவர் உள்ளங்கை கொப்புளித்து உடைந்ததை அம்மாதான் கண்டு எண்ணெய் பூசிவிட்டார். அதற்குப் பிறகு, இவர் எப்போது போவார் என்று அம்மா வாசலைப் பார்க்கவில்லை.

வியாழன் காலை மழை சற்றுக் குறைந்தபோது அடுத்த வீட்டு மாமி வேலிப் படலையடியில் வந்து நின்றார்.

"பிள்ளைச் சத்தம் மாதிரிக் கேட்டுது?"

பிள்ளையின் வாய்க்கு நேரே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மூடவும் பயம், எடுக்கவும் பயம். அக்கா மாக் கையோடு முற்றத்தில் இறங்கினார்.

"பூனை குட்டி போட்டிருக்கு, கூரைக்குள்ள. பிள்ளைக்கு இன்னும் நாள் கிடக்கு. சாடையா இடுப்பு நோகுதாம்."

அன்று பின்னேரம் நான் முனகத் தொடங்கவேண்டும் என்று உத்தரவு. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை வலி எடுப்பதுபோல் நான் முனகினேன். அம்மா சுடுதண்ணி வைக்கிறதுபோல் அடுப்பை மூட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. படலை அசைந்தால் மூன்று பேருடைய மூச்சும் நின்றது.

அக்கா என் கால்மாட்டில் வந்து இருந்தார். கொப்புளித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு படலையையே பார்த்தார்.

"உங்களுக்குப் பயமில்லையோ அக்கா?"

"பயமில்லாமல்? ஹொரஸ்கோப் எண்ட சொல்லைப் பாத்தனான். நேரத்தைக் காவல் பாக்கிறவன் எண்டு போட்டிருக்கு. பிறக்கிற நேரத்தைப் பாத்துக்கொண்டு அங்க ஒருத்தன் நிக்கிறானாம். அவனுக்கு முன்னால உலக்கையைப் போட்டு இடிச்சுக்கொண்டிருக்கிறன். பயமாத்தான் கிடக்கு."

"அப்ப ஏன் செய்யிறியள்?"

அவர் பிள்ளையைப் பார்த்தார். இன்னும் அவளைத் தொட்டிருக்கவில்லை.

"எனக்கு ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, பிள்ளை. அம்மா, அப்பு, மருத்துவிச்சி, எல்லாரும் உண்மையைச் சொல்லிப்போட்டினம்."

"அக்கா, அண்டைக்கு நான் கந்தோரில..."

"முனகு" என்றார். "ஆரோ ஒழுங்கையால வருகினம்."

மகளுக்கு உத்தராட நட்சத்திரம் என்று குச்சவெளியில் சாதகம் எழுதினார்கள். மாமியார் அதைக் குங்குமம் தடவிப் பெட்டிக்குள் வைத்தார். நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. மகளின் மாமனார் பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். அதைப் பார்க்க அக்கா இல்லை. மகளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, எண்பதுகள் வருவதற்கு முன்பே, லிங்கநகரில் அவர் காலமாகிவிட்டார். மகளின் பிறந்த நாள் கொண்டாடும்போதெல்லாம் எனக்கு மட்டும் இரண்டு நாள் முன்பே அந்த உலக்கைச் சத்தம் கேட்கத் தொடங்கும். யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் இந்த வயதிலும் முழுதாகப் போகவில்லை. இதை எழுதுவதும் அந்தப் பயத்தோடுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம், அக்கா கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்தார். ஈரக் கூந்தலை முடிந்தார். கதவை விரியத் திறந்து, முற்றத்தைத் தாண்டி, படலையையும் தாண்டி ஒழுங்கையின் நடுவில் போய் நின்றார். ஒரு கல்யாண வீட்டுக்கோ பிள்ளை பிறந்த வீட்டுக்கோ அவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால், பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் குரவையைப் போட அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். முதல் தரம் குரல் உடைந்து பாதியில் நின்றது. இரண்டாம் தரம் எழுந்தது. ஒழுங்கையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை போயிற்று.

அடுத்த வீட்டிலிருந்து பதில் குரவை வந்தது. அதற்கு அடுத்த வீட்டிலிருந்தும் வந்தது. கதவுகள் திறபடும் சத்தம் கேட்டது. "என்ன பிள்ளை?" என்று யாரோ கேட்க, "பொம்பிளைப்பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம்!" என்று அக்கா கத்தினார்.

உள்ளே மகள் முகம் சிவந்து, வாயைத் திறந்தாள். நான் வாய்க்கு நேரே பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு அவளை அழவிட்டேன்.